தலைக்கு மேல் மூன்று கிலோமீட்டர்

1

மனிதகுலத்தின் கவனத்துக்கு: பெருந்தொற்றுக் காலத்தின் தலைசிறந்த கதை இந்த வரியில் தொடங்குகிறது. என் பகல் தூக்கம் கெட்டதால் பிறந்த கதை என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "பிலிப்பைன்ஸின் டுமகேட்டே நகரத்தின் மீது மௌனம் ஒரு..." ஒரு என்ன? மௌனமே இல்லை. மாடியில் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.)

2

அவள் லியோனிசா. உயிரியல் மாணவி, வயது இருபது. உடற்கல்விப் பாடத்துக்கு மூன்று கிலோமீட்டர் ஓடியாக வேண்டும். தவறினால் உதவித்தொகை போய்விடும். ஊரடங்கிலோ இருபத்தொன்று ஆகாதவர்கள் வாசல் தாண்டக்கூடாது. மாடி நடைவழியின் நீளம் ஆறு மீட்டர். ஐந்நூறு தடவை ஓடினால் கணக்கு சரி.

கீழே நான், அவள் படிக்கும் அதே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிப்பவன். 'ஊரடங்கில் நல்வாழ்வு' என்று ஆய்வுக்கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். விடியும்வரை விழிப்பு, மதியம் இரண்டு மணிக்குத் தூக்கம், எழுந்ததும் இரண்டு பாக்கெட் பன்சித் நூடுல்ஸ். [கட்டுரையில் இது இல்லை.]

அவளும் இரண்டு மணிக்குத்தான் ஓடினாள்.

3

வீட்டுக்கார அம்மாவிடம் முறையிட்டேன். பாசிங் என்று பெயர்; ஊரே 'மானாங்', அதாவது அக்கா, என்று கூப்பிடும்.

"அது ஓடட்டும் சார். நீங்களும் கொஞ்சம் ஓடுங்களேன். நீங்க புரண்டா கட்டில் முனகுறது தெருவுக்கே கேக்குது."

எழுத்தில் புகார் கொடுத்தேன். ஆய்வாளன் அல்லவா? திங்கள்: 212 தடவை, பிறகு விழுந்த ஓசை. செவ்வாய்: 340. புதன், 2.10 முதல் 2.50 வரை: 500. கையொப்பம், பட்டங்கள், பதவி.

4

[இங்கே லியோனிசா அழவேண்டும். எழுதிப் பார்த்தேன். முழங்காலில் பிளாஸ்திரியோடு நிற்கிறாளே தவிர, அழ மாட்டேன் என்கிறாள்.]

வியாழக்கிழமை என் கதவைத் தட்டினாள். உடற்கல்விக் கோச் கேட்டது கைபேசிக் கணக்கு; கைபேசியோ செயற்கைக்கோளை வைத்துத் தூரம் அளப்பது. கூரைக்கடியில் அவள் ஓடியதெல்லாம் அதற்குப் பூஜ்யம்.

"சார், உங்க புகாரை மானாங் காட்டினாங்க. அது எனக்கு வேணும்."

"எதுக்கு, கிழிக்கவா?"

"அனுப்ப. கோச் சாட்சி கேக்குறார். நான் ஓடினதை உலகத்துலேயே எண்ணினவர் நீங்க ஒருத்தர்தான்."

"அம்மா, அது உனக்கு எதிரான புகார்!"

"இருக்கட்டும் சார். புதன்கிழமை வரி போதும். இல்லேன்னா நாளைக்கு மறுபடி ஓடுறேன், நீங்க படுத்துக்கிட்டே எண்ணுங்க."

5

முடிவுகள் கைவசம் மூன்று. (அ) நான் மனம் உருகி... எழுதும்போதே கை கூசியது. (ஆ) கோச் மறுக்கிறார். அவள் மறுநாளும் ஓடுகிறாள். இதை அவளே விரும்புவாள். (இ) நானும் மாடியேறி அவளோடு ஓடுகிறேன். மானாங் பாசிங் சிரித்ததில் இந்தப் பக்கத்தை முடிக்க முடியவில்லை.

வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்ததுதான் வேண்டுமென்றால்: கடிதத்தைக் கொடுத்தேன். கோச், "புகார் ஏற்கப்பட்டது, தேர்ச்சி" என்று பதில் போட்டார். என் கட்டுரை திரும்பி வந்தது.

நான் ஒன்பது கிலோ கூடினேன்.