நான் திட்டிய ட்ரிப் சுவிச்

மூன்று நாளாக ஒரு சுவிச்சை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் அதைக் கழற்றி எறிந்திருப்பேன். எறிந்திருந்தால் மரியம்மாவைச் சேமக்காலையில் புதைக்கத்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். மரியம்மா என் மனைவி. முப்பத்தெட்டு வருடமாக என் வாயைப் பொறுத்துக்கொண்டிருப்பவள்.

எல்லாம் ஒரு மீன் புகைக்கும் பெட்டியால் வந்தது. நோர்வேயில் இருக்கும் எங்கள் மகள் மெலனி அனுப்பியது. இடுப்பளவு உயர இரும்புப் பெட்டி. அடியில் கரண்டில் சூடாகும் கம்பி, அதன் மேல் மரச்சீவல் போடும் தட்டு, அதற்கும் மேலே மீன் அடுக்கும் தட்டுகள். மகளுக்கு இந்த யோசனை வரக் காரணமும் நான்தான். போன் எடுக்கும்போதெல்லாம் பட்டறைக் காலத்துப் புகைமீனைப் பற்றியே சொல்லி அவளை அறுத்திருக்கிறேன்.

துறைமுகப் பட்டறையில் முப்பத்தொரு வருடம் எலெக்ரீசியனாக இருந்தேன். என்னோடு கிண்ணியாக்காரன் அபூதாஹிர். அப்போது பாலம் கிடையாது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் தண்ணீரைக் கடந்து வருவான். கையில் ஒரு சூரை மீன் தொங்கும். பட்டறைக்குப் பின்னால் பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பா ஒன்று எங்களுக்கென்றே கிடந்தது. அதில் சிரட்டையும் மாமரச் சீவலும் போட்டு மூட்டிவிட்டு வேலைக்குப் போவோம். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போது மீன் பொன்னிறமாகிவிடும். பாணும் பச்சைமிளகாயும் வைத்துக்கொண்டு இறங்குதுறையில் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிடுவோம். அது நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். சோதனைச் சாவடியும் ஊரடங்கும் ஊரைப் பிடித்து ஆட்டிய காலம். ஆனால் அந்த அரை மணி நேரம் எங்களுடையது. இன்றைக்கும் புகை மணத்தால் போதும், எனக்கு முப்பது வயதாகிவிடும்.

பெட்டி வந்த அன்று அந்த ஆசையில்தான் புத்தி கெட்டேன். நோர்வே பிளக்கில் உருண்டையாக இரண்டு கால்கள்தான். எங்கள் சுவரில் இருப்பது மூன்று ஓட்டை. மேலே இருப்பது கசியும் கரண்டை நிலத்துக்கு இறக்கும் ஏர்த் ஓட்டை; அதில் ஒரு பேனையைச் செருகினால் மற்ற இரண்டும் திறந்து வழிவிடும். இந்த ஊரில் இது தெரியாத வீடு இல்லை. பட்டறையில் அப்படிச் செய்தவர்களை நான் அடிக்கவே போயிருக்கிறேன். அன்று என் வீட்டுப் பின்விறாந்தையில் நானே பேனையைச் செருகினேன். நாளைக்கு ஒழுங்கான பிளக் போடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

ஒரு மாதம் பெட்டி நன்றாக ஓடியது. பாலையூற்று மாதா கோயில் திருநாள் நெருங்கியபோதுதான் தகராறு தொடங்கியது. திருநாளுக்கு வருபவர்களுக்காக மரியம்மா தினமும் காலையில் கொஞ்சம் மீன் புகைத்தாள். ஏழு மணிக்கு விறாந்தையில் பெட்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். உடனே, கரண்டு கசிந்தால் தானாக விழும் அந்த ட்ரிப் சுவிச் டக்கென்று விழுந்து, வீடு முழுக்கக் கரண்டு போய்விடும்.

நான் போய் சுவிச்சைத் தூக்கிவிடுவேன். பெட்டியைத் திறப்பேன், மூடுவேன், தட்டுவேன், ஆட்டுவேன். ஒன்றும் நடக்காது. அதே சுவர்ப் பொயின்ற்றில் தண்ணீர்க் கேத்தலைக் கொழுவினால் ஒழுங்காகக் கொதித்தது. மத்தியானம் மீற்றர் வைத்துப் பார்த்தேன், பெட்டியில் ஒரு கசிவும் இல்லை. அடுத்த நாள் காலை மறுபடியும் டக்.

மூன்றாம் நாள் எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"அதென்னப்பா, நீ தொட்டா மட்டும் விழுது? உன்ட கையில என்ன சனியன் இருக்கு?"

மரியம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குசினி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று பின்னேரம் ஸ்க்ரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு, ட்ரிப் சுவிச்சுக்குக் கீழே கதிரையைப் போட்டு ஏறி நின்றேன். ஏறின கையோடு அபூதாஹிருக்குப் போன் எடுத்தேன். எதைக் கழற்றினாலும் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கழற்றுவது பட்டறைப் பழக்கம்.

"மச்சான், ட்ரிப் பழுது. கழட்டிப்போட்டு கரண்ட நேர குடுக்கப் போறன்."

"கீழ இறங்குடா!" என்று கத்தினான். "ட்ரிப் சும்மா விழாது. விழுற நேரத்தில பாக்கோணும். நாளைக்குக் காலமை முதல் பஸ்ஸில வாறன்."

சொன்னபடி ஏழு மணிக்கு முன்னரே வந்துவிட்டான். கையில் பழையபடி ஒரு சூரை. பெட்டியைத் திறந்து பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் நேரே சுவரைப் பார்த்தான். ஏர்த் ஓட்டையில் நீலப் பேனை. பிறகு என்னைப் பார்த்தான். நான் முற்றத்து மரத்தைப் பார்த்தேன்.

அவன் வாயைத் திறப்பதற்குள் மரியம்மா செபம் முடித்து விறாந்தைக்கு வந்தாள். கையில் சின்னப் போத்தல். பெட்டிக்குச் சூடேற அவள் ஏற்கெனவே சுவிச் போட்டிருந்தாள். போத்தலில் இருந்த தீர்த்தத்தைப் பெட்டியின் பின்பக்கம் மூன்று முறை தெளித்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, ஈரக் கையைக் கதவுப் பிடிக்குக் கொண்டுபோனாள்.

"தங்கச்சி, தொடாதீங்க!"

அபூதாஹிர் அப்படிக் கத்தி நான் ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். எண்பத்தொன்பதில் துறைமுகக் கிரேனின் சுவிச் பெட்டிக்குள் கரண்டு என்னைப் பிடித்த அன்று. பலகையால் அடித்து என்னைப் பிரித்தெடுத்தவன் அவன்தான். அதற்குப் பிறகு நான் தொடும் கரண்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் மரியம்மா தீர்த்தம் தெளிப்பாள். ரேடியோவுக்கும் தெளித்தாள், குளிர்பெட்டிக்கும் தெளித்தாள். முதலில் கேலி பண்ணினேன். பிறகு கண்ணுக்குப் பழகி, பார்க்காமலே விட்டுவிட்டேன்.

அபூதாஹிர் டெஸ்டரைக் கதவில் வைத்தான். டெஸ்டரின் உள்ளே பல்பு சிவப்பாக எரிந்தது.

பிளக்கைப் பிடுங்கிப் பின்தகட்டைக் கழற்றினோம். காற்றுப் போகும் துளைகளுக்கு நேரே கீழே, சூட்டுக் கம்பியின் முனைகளில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. சாமியார் உப்புப் போட்டு ஆசீர்வதிக்கும் தீர்த்தம் அல்லவா. மத்தியானம் காய்ந்து கிடக்கும்போது மீற்றரில் ஒன்றும் தெரியாது. காலையில் நனைந்ததும் கரண்டு இரும்புக்கு வந்துவிடும்.

"ஏர்த் இருந்தா அதாலயே போயிருக்கும்" என்றான் அபூதாஹிர். "நீதான் பேனைய வச்சிரிக்காய். ஒன்ட கால்ல றப்பர்ச் செருப்பிரிக்கி, ஒனக்கு ஒண்டுமில்ல. தங்கச்சி வெறுங்கால். கரண்டு அவவுக்குள்ளால போகேக்கதான் ட்ரிப் விழுந்திரிக்கி."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று காலை. மூன்று முறையும் அந்த சுவிச் அவளை இழுத்துக் காப்பாற்றியிருக்கிறது. நான் அதைத்தான் திட்டினேன். அவளையும் திட்டினேன்.

"உனக்கு அடிச்சதா?" என்று கேட்டேன்.

"ஓம். சுள்ளெண்டு."

"மூண்டு நாளுமா?"

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா ஏசுவீங்கள்" என்றாள். கோபம் இல்லை. அரிசி முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அபூதாஹிர் மீனைத் தூக்கிக்கொண்டு, கழுவுகிறேன் என்று கிணற்றடிக்குப் போனான். நான் பெட்டியின் வயரை வெட்டி, மூன்று கால் பிளக் போட்டு, ஏர்த்தை இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு திருகையும் மூன்று தரம் இறுக்கிப் பார்த்ததில் அரை மணி நேரம் எடுத்தது. கம்பியைச் சுரண்டித் துடைத்து வெயிலில் வைத்தேன். மரியம்மா வெற்றுப் போத்தலோடு தூணருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிப் பெட்டிக்குத் தெளிக்காத" என்றேன். குரலைத் தணிக்க எனக்குப் பெரும் பாடாக இருந்தது. "தெளிக்கிறதெண்டா எனக்குத் தெளி."

அவள் உள்ளே போய் போத்தலை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்கெண்டா வாய்க்குத்தான் தெளிக்கோணும்" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அவள் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.