கோச் எழுந்து நின்றபோது

"இன்னைக்காவது அந்த வெல்டரைக் கடைசிவரைக்கும் ஆட விடுங்க," என்றாள் மனைவி, கோச்சின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே.

அவருக்குச் சுருக்கென்றது. தொழிற்சாலையில்தான் ஆளாளுக்குப் புத்தி சொல்கிறார்கள் என்றால் வீட்டிலுமா?

"உனக்கு ஃபுட்பால் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. நீங்க பெஞ்சைவிட்டு எந்திரிச்சா நாம தோக்கப்போறோம்னு மட்டும் தெரியும்."

உண்மைதான். அதனால்தான் எரிச்சல். இந்த சீசனில் தொழிற்சாலை அணி முதல் கோலைப் போடாத ஆட்டம் குறைவு. போடுவது பெரும்பாலும் வெல்டர். போட்டதும் கோச்சுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். கிடைத்ததைக் காப்பாற்றினால் போதும் என்று எழுந்து நின்று, கையைக் காட்டி வெல்டரை வெளியே அழைத்துவிட்டு, பின்னால் மறித்து நிற்க ஒரு தடியனை அனுப்புவார். அப்புறம் எதிரணி நம் கோல் வாசலிலேயே வந்து குடியேறிவிடும். எத்தனை முறை பட்டாலும் மனுஷனுக்கு உறைக்கவில்லை. இன்று டிரா செய்தால்கூட அணியைக் கலைத்துவிடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். இவரோ முழங்கால் போகும்வரை ஆடி, பிறகு கோச் ஆனவர். மைதானமும் போய்விட்டால் அவருக்கு மிச்சம், தொழிற்சாலையில் அவர் வேலை பார்க்கும் ஸ்டோர் ரூமும் அதிலிருக்கும் திருகாணி டப்பாக்களும்தான்.

அன்றைய ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு வெல்டர் கோல் போட்டான். சந்தோஷத்தில் ஜெர்சியைக் கழற்றிச் சுழற்றி ஒரு மஞ்சள் அட்டையும் வாங்கிக்கொண்டான். பெஞ்சில் தடியன் யாரும் சொல்லாமலே ஷூ லேஸை இறுக்கத் தொடங்கினான்.

"உக்காருடா," என்றார் கோச். தடியன் அவரை நம்பாமல் பார்த்தான்.

கோச் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. ஆனால் எதிரணி நெருக்க நெருக்க, வெல்டரும் பயந்து பின்வாங்கிக்கொண்டே வந்தான். அவருக்குப் பொறுக்கவில்லை. முன்னாலேயே நில்லுடா என்று கத்தத்தான் எழுந்தார், கையையும் நீட்டினார். கூச்சலில் குரல் அவன்வரை போய்ச் சேரவில்லை. வெல்டர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நேராகக் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டான்.

"உன்னை யாருடா கூப்பிட்டது? உள்ள போ!"

"நீங்கதான் எந்திரிச்சீங்களே அண்ணே," என்றவன் பதறிப்போய்த் திரும்ப உள்ளே ஓடினான். நடுவரைக் கேட்காமல் வெளியே போனதும் தப்பு, உள்ளே வந்ததும் தப்பு. இரண்டாவது மஞ்சள் அட்டை, அதோடு சேர்ந்து சிவப்பு.

இப்போது பத்துப் பேர். எதிரணிக்குக் கார்னர். வெல்டர் உடை மாற்றும் அறைக்குப் போகாமல் கம்பிவேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். கோச் நின்ற இடத்திலேயே நின்றார். உட்கார்ந்தால் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்களோ, மூக்கைச் சொறிந்தால் யார் வெளியே வந்துவிடுவானோ! அவர்மேல் அவருக்கே ஆத்திரமாக வந்தது. கைகளைப் பின்னால் கட்டி இறுக்கிக்கொண்டார்.

பந்து காற்றில் எழும்பியது. கோல்கீப்பர் இன்னும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.