டான்ஸ்லியின் ரத்தக்கட்டு

ஈனாக் டான்ஸ்லி வீசிய பந்து யார் உடம்பில் பட்டாலும், அதே இடத்தில் அவனுக்கும் ரத்தக்கட்டு வந்துவிடும். நிலக்கரி வெட்டும் எங்கள் ஆன்ஸ்பியில் இது எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்து வந்தவன் குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடும் மனைவி ஹெட்டிக்கு, யார் எங்கே அடிவாங்கினார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்திலேயே வேகமானவன் என்று பேரெடுத்து, கவுண்டி கிரிக்கெட் அணிக்கு ஆடிய ஒன்பது வருடமும் அவன் அதை ஊருக்கு வெளியே சொல்லவில்லை. சம்பளத்துக்கு ஆடுகிறவனுக்குப் பின்வாசல், பொழுதுபோக்குக்கு ஆடும் கனவான்களுக்கு முன்வாசல் என்றிருந்த காலம். பின்வாசல்காரனுக்கு வலித்தால் யாருக்கு என்ன?

1929 ஆகஸ்டில் கேப்டன் விண்டம் துரை, விக்கெட்டை விட்டுவிட்டு ஆளைப் பார்த்துப் போடச் சொன்னார். டான்ஸ்லி இரண்டு ஓவர் தட்டிக்கழித்தான், மூன்றாவதில் போட்டான். எதிரணியின் குரோதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பந்தை விட்ட இடத்திலேயே டான்ஸ்லியும் மண்டியிட்டான். வருத்தப்படுகிறான் என்று கூட்டம் நினைத்தது.

குரோதர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் எங்களுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. டான்ஸ்லி நெஞ்சில் இருந்த கறுப்பு மங்கினால் அவர் பிழைப்பார். ஹெட்டி காலையில் புருஷன் சட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் சொல்வாள். அதற்குள் கவுண்டி அணியின் கமிட்டியிலிருந்து கையெழுத்துக்கு ஒரு கடிதம் வந்தது. யார் சொல்லியும் அல்ல, நானாகவே ஆளைக் குறிவைத்தேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் ஆடலாம்.

"போட்டுத் தொலையேன், ஈனாக். மறுபடியும் கரிக்குழிக்குள்ள எறங்கணுமா?" என்றாள் ஹெட்டி.

"குரோதர் கால்ல வேணா விழுறேன். தொரைக்காகப் பொய் சொல்ல மாட்டேன்."

பன்னிரண்டாம் நாள் காலை அந்த இடம் வெளுத்துச் சில்லிட்டிருந்தது. ஹெட்டி வைத்த கையை எடுக்கவில்லை. "போயிட்டாரு," என்றாள். தந்தி மத்தியானம்தான் வந்தது. டான்ஸ்லி கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, சுரங்க மேஸ்திரியிடம் போய் வேலை கேட்டான். அப்புறம் பாவி மனிதன் பந்தைத் தொடவே இல்லை.

மற்ற ரத்தக்கட்டெல்லாம் ஆறிவிட்டது. நெஞ்சு மட்டும் இருபத்தாறு வருடம், அவன் சாகும்வரை, சில்லென்றே இருந்தது. சுரங்கத்தின் அடியில் வெக்கை தாங்காதபோது, நாங்கள் தண்ணீர்க் குப்பியை அவன் நெஞ்சில் கொஞ்ச நேரம் சாய்த்து வைத்துவிட்டுக் குடிப்போம். கேட்டுவிட்டுத்தான் வைப்போம். அவன் பொத்தானைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். நானும் குடித்திருக்கிறேன், நல்ல தண்ணீர்தான்.