பத்தால் பெருக்கினால்

பீங்கான் கம்பெனிக்கு இன்டர்வியூ வந்தவர்கள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அம்புஜவல்லிக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். கை சும்மா இருக்காமல் ஃபைலைத் திறந்து மார்க் ஷீட்டைப் புரட்டினாள். மூன்று வருஷம் படித்து வாங்கிய காகிதத்தின் பின்பக்கத்தை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

பொடி எழுத்தில் இருந்தது: சதவீதம் தெரிய வேண்டுமானால், பெற்ற புள்ளியில் அரையைக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்க வேண்டும். அவளுடைய புள்ளி பத்துக்கு 6.3. ஐம்பத்தெட்டு வந்தது. விரல் மடக்கி மறுபடி போட்டாள். மறுபடியும் அதே பாழாய்ப்போன ஐம்பத்தெட்டு. கம்பெனி கேட்டது அறுபது. விண்ணப்பத்தில் இருந்தது அறுபத்து மூன்று.

விண்ணப்பம் போட்டவர் ஜங்ஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பழமலைநாதன். விருத்தாசலத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் தட்டிக் கொடுப்பார். எந்த யுனிவர்சிட்டி என்று கேட்கிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. புள்ளியைச் சொன்னால் பத்தால் பெருக்கிவிடுவார். உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு சரி. அம்புஜவல்லி ஹாஸ்டலில் தங்கி, வேறு மாவட்டத்தில், வேறு யுனிவர்சிட்டியில் கெமிஸ்ட்ரி படித்தவள். ஒரே நாட்டுக்குள் ஆளுக்கொரு கணக்கு வைத்திருப்பார்கள் என்று அவள் கண்டாளா? இந்த வேலை கிடைத்த மாதிரியே நினைத்துக்கொண்டு, கையிலிருந்த ஸ்கூல் வேலையை வேறு போன வாரம் விட்டுத் தொலைத்திருந்தாள்.

பக்கத்தில் காவியா வாட்டர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரே வகுப்பு, ஒரே ஹாஸ்டல் அறை. அவள் புள்ளி 6.4, இவளைவிடக் கொஞ்சம் கூட. நீ ஏன் விண்ணப்பம் போடவில்லை என்று கேட்டதற்கு, "எனக்கு மண்ணுத் தூசு ஆவாதுடி" என்று சொல்லிவிட்டவள், இன்று மட்டும் கூப்பிடாமலே துணைக்கு வந்திருந்தாள்.

"ஏன்டி மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லடி" என்றாள் அம்புஜவல்லி. முன்னால் இருந்த இரண்டு பேரும் முடிந்து, உள்ளேயிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி களிமண்ணைப் பற்றி நாலு கேள்வி கேட்டார். எப்படியோ சொல்லிவிட்டாள். மார்க் ஷீட்டை வாங்கி, முன்பக்கத்தை மட்டும் பார்த்து, கால்குலேட்டரில் பத்தால் பெருக்கினார். அறுபத்து மூன்று. டிக் அடித்தார். வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு எவனாவது திருப்பிப் பார்த்து, திருடியைப் பிடித்த மாதிரி வெளியே அனுப்பினால்? அந்தப் பயம்தான் அவளைப் பேச வைத்தது. பெரிய நேர்மையெல்லாம் இல்லை.

"சார், பின்னாடி ஒரு தடவ பாத்துடுங்க. எங்க யுனிவர்சிட்டில அரையக் கழிக்கணும்னு போட்டிருக்குது."

அவர் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி போட்டிருப்பாங்கம்மா. அதையெல்லாம் பாத்துட்டிருந்தா ஆள் எடுக்க முடியாது. எல்லாருக்கும் பத்தால பெருக்குறதுன்னு ஹெட் ஆபீஸ்லயே முடிவு பண்ணிட்டாங்க. ஒண்ணாந்தேதி வந்து சேந்துடு."

கால் தரையில் பாவாமல் வெளியே வந்தாள். காவியா எழுந்து நின்றாள்.

"கெடச்சுட்டுதுடி."

காவியா நம்பாமல் பார்த்தாள். "ஒனக்கு அம்பத்தெட்டுதானடி வரும்?"

அம்புஜவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒனக்குத் தெரியுமா?"

"அப்ளை பண்ண ஒக்காந்தப்பவே பின்னாடி பாத்துட்டேன். எனக்கே அம்பத்தொம்போதுதான் வந்துது, அதான் போடல. நீ அப்ளை பண்ணதயே ஸ்கூல் வேலைய வுட்டப்புறம்தான் எங்கிட்ட சொன்னே. அப்புறம் எப்பிடி வாயத் தொறக்குறது? வேணாம்னு அனுப்பிட்டாங்கன்னா, நீ தனியா அழுதுகிட்டு வூட்டுக்குப் போவக்கூடாதுன்னுதான் கூட வந்தேன்."

அம்புஜவல்லிக்கு வேலை கிடைத்த சந்தோஷம் அங்கேயே வடிந்துபோனது. மறைக்கவும் மனசு வரவில்லை. "அவங்க பின்னாடியே பாக்குறதில்லையாம்டி. எல்லாருக்கும் பத்தாலதான் பெருக்குறாங்களாம்."

விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி முடிந்து ஒரு மாதமாகிறது. காவியா கேட் வரைக்கும் விரல் மடக்கிக்கொண்டே நடந்தாள்.

"அப்ப எனக்கு அறுபத்துநாலு" என்றாள்.