ஐயா சாப்பிட்டாரோ

தண்ணீர் என்றால் எனக்கு ஆகாது. இதைப் பிள்ளைகளுக்கு நூறு தரம் சொல்லியிருப்பேன். இங்கே சுவிஸில், ஊஸ்டரில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவே ஒரு ஏரி இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் அதில் கால் நனைத்ததில்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான், கலியாணமாகி முப்பது வருடம் ஆன சந்தோசத்துக்கு, மகன் கோபிசனும் மகள் பிரசாந்தினியும் சேர்ந்து ஒரு படகுப் பயணத்தைப் பரிசாகத் தந்தார்கள். ராப்பர்ஸ்வில்லில் ஏறி, சூரிச் ஏரியில் ஊஃபெனாவ் தீவைச் சுற்றி, தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு, இரவு படகிலேயே படுத்து, விடிய இறங்க வேண்டும். "ஆறு பேர் மட்டும்தான் அம்மா, கூட்டமில்லை" என்றாள் மகள். ஆறு பேர் என்றால் ஏரியின் ஆழம் குறைந்துவிடுமா? கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய வினை, பிள்ளைகள் பார்த்துப் பதிந்த நாள் ஆடி அமாவாசை. தகப்பன் இல்லாத ஆம்பிளைகள் விரதம் பிடிக்கிற நாள். செத்துப்போன தகப்பனுக்குச் சமைத்துப் படைத்து, அந்தச் சோற்றில் ஒரு பிடி வெளியே வைத்துக் காகத்தைக் கூப்பிட வேண்டும். காகம் தின்றால் தகப்பன் தின்ற மாதிரி. அதற்குப் பிறகுதான் மகன் வாயில் சோறு போகலாம். இவர் தன் தகப்பனை ஐயா என்றுதான் சொல்வார். ஐயா யாழ்ப்பாணத்தில் செத்தபோது இவருடைய அகதி வழக்கு இங்கே முடியவில்லை. செத்தவீட்டுக்குப் போகவில்லை, கொள்ளி வைக்கவில்லை. அதனால் இந்த ஒரு விரதத்தை மட்டும் இவர் ஒரு வருடமும் விட்டதில்லை. எங்கள் பல்கணிக்கு வருகிற காகமும் நல்ல காகம்தான், ஒரு வருடமும் ஏமாற்றியதில்லை.

ஆனால் இப்போது இவருக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி தொடங்கியபோதே, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ஆளே போய்விடலாம் என்று டொக்டர் சிவானுஜா எங்கள் இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னவள். நான் இவரிடம் கறாராகச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, இந்த முறை விரதம் கிரதம் எண்டு ஒண்டும் வேண்டாம். ஐயா கோவிக்கமாட்டார்."

"ஓம், அதுக்கென்ன" என்றார்.

இவர் மறுத்துக் கதைத்தால் பயமில்லை. உடனே ஓம் என்றால்தான் பயப்பட வேண்டும். முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

அன்று காலை இவருக்கு வேலை, முதியோர் இல்லத்துச் சமையலறையில். சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக் கொடுத்துவிட்டேன். வேலை முடிய நேரே ராப்பர்ஸ்வில் துறைக்கு வந்து சேர்ந்தார். நான் முதல் கேட்ட கேள்வியே, "சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் ஓம், வடிவாச் சாப்பிட்டனான்." சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தும் காட்டினார். துடைத்துக் கழுவியிருந்தது. நானும் நம்பினேன்.

படகில் ஏறப் போட்டிருந்த பலகை என் காலடியில் ஆடியது. நான் இவருடைய சேட்டுக் கையை இறுக்கிப் பிடித்தேன். "பயப்படாதையும், நீர் விழுந்தால் ஏரிக்குத்தான் ஆபத்து" என்று பகிடி விட்டார். படகோட்டி றெட்டோ, தாடி வைத்த இளம் ஆள், கை கொடுத்து ஏற்றினான். ஆராவ் என்ற ஊரிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, ஒன்றாக வந்த இரண்டு தோழிகள், நாங்கள். அவ்வளவு பேரும் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் உயிர்காப்பு அங்கி எங்கே கொழுவியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

தீவுக்குக் கிட்டப் போய் நங்கூரம் போட்டபோது வெயில் சரிந்துவிட்டது. கரையில் சின்னத் தேவாலயம், வைன் பிழிகிற முந்திரிகைத் தோட்டம், பெரிய மரங்கள். காகங்கள் கூட்டமாக வந்து அந்த மரங்களில் அடைந்தன. இவர் அதையே பார்த்தபடி நின்றார். மனிசன் காட்சியை ரசிக்கிறார் என்று எனக்கு மனம் கொஞ்சம் இளகியது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், என் கண் முன்னால் ஊசி போடவைத்தேன். ஊசியை மறக்கிற ஆள் என்பதால் நான் அதில் பொலிஸ்காரி மாதிரி. மற்றவர்களுக்கு மீன் பொரித்திருந்தார்கள். இவருக்கு உருளைக்கிழங்கும் சலாட்டும் சீஸும் பேக்கரிப் பாணும் நானே போட்டுக் கொடுத்தேன். "அங்கால காத்துப்படச் சாப்பிடுறன்" என்று தட்டோடு படகின் பின்பக்கம் போனார். கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். தட்டு வெறுமையாக இருந்தது.

இருட்டத் தொடங்க, ஆராவ்காரர் எல்லோருக்கும் வைன் ஊற்றினார். இவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். றெட்டோ ஏதோ சொல்ல இவர் தேவையில்லாமல் பெலத்துச் சிரித்தார். பிறகு ஜெர்மனில் ஒரு வசனத்தைத் தொடங்கிப் பாதியில் விட்டார். கதை குழறியது. நெற்றியெல்லாம் வியர்வை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அமாவாசையும் அதுவுமாக, வெள்ளைக்காரருக்கு நடுவில் குடித்துவிட்டு இருக்கிறாரே!

கிட்டப் போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "வெக்கமாயில்லையோ உங்களுக்கு? எழும்புங்கோ, போய்ப் படுங்கோ."

என்னை யாரென்று தெரியாதவர் போலப் பார்த்தார். "அங்க போகவேணும்" என்றார்.

"எங்க?"

"ஐயா நிக்கிறார்."

நான் இவருடைய கையில் கிள்ளினேன். இவர் என் கையைத் தட்டிவிட்டு எழும்பினார். தீவுப் பக்கம் போய்க் கைபிடிக் கம்பிக்கு மேலால் ஒரு காலைத் தூக்கிப் போட்டார். கீழே தண்ணீர் கன்னங்கரேல் என்று கிடந்தது.

தண்ணீருக்குப் பயந்தவள் எப்படி அந்த ஓரத்துக்குப் போனேன் என்று எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து இடுப்பில் கட்டிப்பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் பலகையில் விழுந்தோம். இவருடைய சேட் முழுக்க நனைந்து பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. வாயில் வைன் மணமே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது குடிவெறியில்லை, சீனி இறங்குகிறது.

ஊசிப் பையிலிருந்த மெஷினை எடுத்து இவருடைய விரலில் குத்திப் பார்த்தேன். மெஷின் இரண்டு என்று காட்டியது. இங்கத்தைக் கணக்கில் நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று டொக்டர் சொன்னவள். நான் எப்போதும் கைப்பையில் குளுக்கோஸ் வில்லை வைத்திருப்பவள். அன்று மகள் வாங்கித் தந்த புதுக் கைப்பை. வில்லை ஊஸ்டரில் பழைய பையோடு கதவுக்குப் பின்னால் தொங்கியது.

"சுக்கர்!" என்று கத்தினேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் பறந்துவிட்டது, சீனிக்கான அந்த ஒரு சொல்தான் வந்தது. றெட்டோ கெட்டிக்காரன். ஒரு கையால் ஏரி மீட்புப் படகுக்குப் போன் அடித்துக்கொண்டே மற்றக் கையால் சிறப் போத்தலை எடுத்துவந்தான். பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிற இனிப்புச் சிறப். ஆராவ் அம்மா அதைக் கோப்பையில் ஊற்றித் தந்தா. நான் இவருடைய தலையை மடியில் தூக்கி வைத்து வாயில் கொண்டுபோனேன்.

இவர் பல்லை இறுக்கிக்கொண்டார்.

"குடியுங்கோ."

தலையை அங்கால திருப்பினார். "விரதம்."

எனக்கு உலகம் நின்றுவிட்டது. "என்ன விரதம்? மத்தியானம் சாப்பிட்டனீங்கள்தானே? இப்பவும் சாப்பிட்டனீங்கள்தானே?"

"மத்தியானம் வேலையிடத்து முத்தத்தில சோத்தை வைச்சனான். காகம் வரேல்ல, பூனைதான் வந்தது." சொல் சொல்லாக, நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இஞ்சயும் வைச்சுக் கூப்பிட்டனான். வரேல்ல. தண்ணிக்குள்ள போட்டிட்டன். ஐயா சாப்பிடேல்ல. நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை இந்த மனிசனின் வயிற்றில். அதற்கு மேல் நான் காவல் நின்று போடுவித்த இன்சுலின். காகம் வரும், அதற்குப் பிறகு சாப்பிடலாம் என்று நம்பி ஊசியும் போட்டிருக்கிறார். இந்தத் தண்ணீருக்கு நடுவில், பெயரும் ஒழுங்காகத் தெரியாத சனத்துக்கு நடுவில், இவர் என் மடியிலேயே செத்துப்போகப் போகிறார் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வேன் என்றுகூட நினைத்துவிட்டேன்.

றெட்டோ தாடையைப் பிடித்துத் திறக்கப் பார்த்தான். ஆராவ் அம்மா அவனுடைய கையைப் பிடித்தா. பலவந்தமாக ஊற்றினால் புரைக்கேறி மூச்சு அடைத்துவிடும் என்றா. மீட்புப் படகு வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். வருகிறார்கள் என்றான். இவருடைய கண் மேலே சொருகத் தொடங்கியது.

நான் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னேன். "இஞ்சருங்கோ, ஐயா சாப்பிட்டிட்டார்."

இமை அசைந்தது. "ஐயா சாப்பிட்டாரோ?"

"ஓம். இப்பதான் காகம் வந்தது. பின்னுக்கு மிச்சம் கிடந்ததைத் தின்னுது. நான் பாத்தனான்."

"பொய்."

"கோபிசனாணை, நான் பாத்தனான்."

பிள்ளையில் சத்தியம் பண்ணி நான் என் சீவியத்தில் பொய் சொன்னதில்லை. சொன்ன கையோடு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது. ஆனால் இவர் என் முகத்தைப் பார்த்தார். மகன் மேல் இவள் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டாள் என்று அந்த மயக்கத்திலும் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன். விழுங்கினார். திரும்பவும் பருக்கினேன். முருகா, முருகா என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் வரவில்லை. கோப்பை முடிந்தபோது இவருடைய விரல்கள் என் கையைப் பிடித்தன, பிடியில் பெலம் இருந்தது. நீல விளக்கோடு மீட்புப் படகு வந்து பக்கத்தில் அணைந்தபோது இவர் எழும்பி இருந்துவிட்டார்.

மீட்புப் படகில் வந்த பெண் திரும்பக் குத்திப் பார்த்தாள். சீனி ஏறுகிறது, ஆனால் இது போதாது என்றாள். ஊசி உடம்புக்குள் இன்னும் வேலை செய்கிறது, இப்போதே பாணோ உருளைக்கிழங்கோ சாப்பிடாவிட்டால் திரும்ப இறங்கும். சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். இரண்டு துண்டுப் பாணைத் தட்டில் வைத்து இவருக்கு முன்னால் தள்ளிவிட்டு, மற்றவர்களோடு கொஞ்சம் தள்ளி நின்றாள்.

இவர் பாணைத் தொடவில்லை. இப்போது கண் தெளிந்திருந்தது, என்னைத் தெரிந்திருந்தது.

"பரமேஸ், காகம் மெய்யாத்தான் வந்ததோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சாப்பிடுவார், பிரச்சினை முடிந்தது. ஆனால் அந்தச் சத்தியம் என் மகனின் தலையில் கிடந்தது. தெளிந்த மனிசனுக்கு முன்னால் அதை இரண்டாம் தரம் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"வரேல்ல" என்றேன்.

"அப்ப கோபிசனில..."

"ஓம். என்ர பிள்ளையில பொய்ச் சத்தியம் பண்ணித்தான் உங்களைக் காப்பாத்தினனான். நீங்கள் என்னைக் கொண்டுவந்து விட்ட இடம் அது."

இவர் தட்டை மெல்ல அங்கால நகர்த்தினார். அவ்வளவுதான், எனக்குப் பயமும் கோபமும் ஒன்றாக வெடித்தது. அந்தப் பெண் பார்க்கிறாள் என்றும் நான் யோசிக்கவில்லை.

"நல்லது, சாப்பிடாதையுங்கோ. நாளைக்கு நீங்கள் போய்ச் சேர்ந்தால் உங்களுக்கு விரதம் பிடிக்கிறது கோபிசன்தானே? சீனி வருத்தம் பரம்பரை வருத்தம் எண்டு டொக்டர் சொன்னவ. நாளைக்கு அவனுக்கும் வரலாம். அவனும் ஊசியைப் போட்டிட்டு, காகம் வரேல்ல எண்டு உங்களுக்காகப் பட்டினி கிடக்கட்டும். கிடந்து விழட்டும். அதுதானே உங்களுக்கு வேணும்?"

"விசர்க் கதை கதையாதையும்." இவருடைய குரல் உயர்ந்தது. "அவன் என்னத்துக்குப் பட்டினி கிடக்கிறான்? காகம் வந்தால் என்ன, வராட்டி என்ன, என்ர பிள்ளை சாப்பிட வேணும்."

நான் இவருடைய கண்ணையே பார்த்தேன்.

இவர் தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல அப்படியே இருந்தார். தீவுப் பக்கம் பார்த்தார். பிறகு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"பட்டர் இருக்கோ எண்டு கேளும்" என்றார்.

கேட்கத்தான் திரும்பினேன். றெட்டோவின் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.