நாற்பதுக்குக் கீழே

உலோகம் தேடும் கருவியின் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பியதும், மேபிள்தார்ப் கடற்கரை முழுவதும் ஒரே நேரத்தில் எனிட்டின் காதுக்குள் கத்தத் தொடங்கியது. ஆணிகள் உறுமின. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் கிறீச்சிட்டது. பியர் டப்பாக்களின் இழுவளையங்கள் எல்லாம் நாணயம்போலவே மணியடித்துப் பொய் சொல்லின. அவள் காதொலிப்பானை இன்னும் இறுக்கிக்கொண்டு, கருவியின் அடிச்சுருளை மணலுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்து, மெல்ல வீசி நடந்தாள். கூவிய இடத்திலெல்லாம் குனிந்து தோண்டினாள்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. கிரிம்ஸ்பி மீன் ஆலையில் முப்பது வருஷம் நின்ற முழங்கால்கள். கருவியோ யாரோ விற்றுத் தீர்த்த பழசு. நான்கு வருஷத்துக்கு முன் அவள் உலோகம் தேடுவோர் கிளப்பில் சேர்ந்தபோது, "அப்பாடா, தேநீர் போட ஆள் கெடச்சாச்சு" என்று தலைவர் நோர்மன் சொன்னதற்குப் பதினோரு ஆண்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் ஒரு கோப்பைகூடப் போட்டதில்லை.

நோர்மனின் சட்டம் எளிமையானது. கருவி ஒவ்வோர் உலோகத்துக்கும் ஓர் எண் காட்டும். இரும்பு அடியில், அதற்கு மேல் வெள்ளித்தாள், இழுவளையம், அதற்கும் மேலே நாணயங்கள். குமிழை நாற்பதில் வைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ள எதையும் கருவி சொல்லாது. "குப்பைய எதுக்குய்யா காது குடுத்துக் கேக்கணும்?" என்பார். நாள் முடிவில் அவர் பையில் நாணயங்கள் மட்டும் கிலுங்கும். எனிட்டின் பையில் குப்பை வழியும். மெல்லிய தங்க மோதிரம் ஒன்று வெள்ளித்தாளின் குரலில்தான் பேசும் என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஜோடி என்ற பெண் கிளப்பின் கதவைத் தட்டினாள். விடுதியொன்றில் துணி வெளுப்பவள், இருபத்தாறு வயது. மூன்றாவது, நான்காவது அலைத்தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வறுவல் தின்னக் கையுறையைக் கழற்றியிருக்கிறாள். குளிரில் சுருங்கிய விரலிலிருந்து மோதிரமும் கூடவே போய்விட்டது.

"கல்யாண மோதிரமா?" என்று நோர்மன் கேட்டார்.

"இல்ல. அவன விட்டுட்டு வந்தப்புறம், மொத சம்பளத்துல எனக்கு நானே வாங்கிக்கிட்டது."

நோர்மனோடு சேர்த்து ஆறு பேர் அந்த இடத்தில் மூன்று தடவை நடந்து தேடினார்கள். ஒரு சாவியும் சில நாணயங்களும் கிடைத்தன. அலை கொண்டுபோயிருக்கும் என்று நோர்மன் முடிவு சொன்னார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கரையை மூடிவிடுவார்கள். அரிப்பைத் தடுக்க ஆளுயரத்துக்குப் புதுமணல் கொட்டப்போகிறார்கள். அதன்பிறகு எந்தக் கருவிக்கும் எட்டாது.

அதனால்தான் எனிட் ஞாயிறு முழுவதும் தோண்டினாள். திங்கள் விடிந்ததும் மறுபடி வந்தாள். கோலூன்றிக் கயிறு கட்டி, கீற்றுக் கீற்றாக நடந்தாள். ஜோடி பக்கத்திலேயே மண்டியிட்டுக் குழிகளை மூடிக்கொண்டு வந்தாள்.

ஒன்பதரைக்கு நோர்மன் வந்து நின்றார். "எனிட், போதும். கரையெல்லாம் பெருச்சாளி பூந்த மாதிரி இருக்கு. கிளப் பேரு கெடுது. இன்னொரு குழி தோண்டினா, உறுப்பினர் அட்டையத் திருப்பிக் குடுத்துரு."

எனிட் மேல்சட்டையின் உள்பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அடுத்த குழியைத் தோண்டினாள். வெள்ளித்தாள். அதற்கடுத்தது இழுவளையம். நோர்மன் ஏளனமாகச் செருமினார். அதற்கடுத்த குரல் இன்னும் மெலிந்தது, முப்பத்தொன்று. முழங்கை ஆழத்தில் மணலைப் பிசைந்தவளின் விரலில் வட்டமாக ஏதோ தட்டுப்பட்டது. எச்சில் தொட்டுத் துடைத்தாள். தங்கம். நூல்போல் தேய்ந்த பழைய மோதிரம். உள்பக்கம் இரண்டு எழுத்துகள்.

ஜோடி ஓடிவந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்து, உடனே வாடியது. "இது என்னோடது இல்ல, எனிட்."

"எனக்குத் தெரியும். ஆனா இது இங்க இருந்துச்சுன்னா உன்னோடதும் இருக்கலாம்."

நோர்மன் கையை நீட்டினார். "எங்கே, கொண்டா. கிளப் சார்பா நான் பதிஞ்சு வைக்கிறேன்."

"எத்தன வருஷமா இது மேல நடந்து போறே, நோர்மன்? சனிக்கிழம மட்டும் மூணு தடவ. இது கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. நீதான் கேக்கமாட்டேன்னு திருகி வச்சிருந்தே." அவள் மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்தாள். "உடையவங்கள நானே தேடிப் பிடிச்சுக்குறேன்."

நோர்மன் நீட்டிய கையை இறக்கினார். அட்டையைக் கையிலேயே பிடித்தபடி நின்றார்.

பத்து அடித்தது. மணல் தள்ளும் மஞ்சள் வண்டி சரிவில் உறுமிக்கொண்டு இறங்கியது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "ஏம்மா, மூடியாச்சு! வழிய விடுங்க!"

"இன்னும் நாலு கீத்து பாக்கி இருக்கு."

"எனக்கு உத்தரவு இருக்கும்மா."

"இருக்கட்டுமே. எனக்குக் காது இருக்கு."

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுருளை வீசினாள். வண்டி அவள் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்று புகை கக்கியது. ஜோடி எழுந்து போய், சின்ன மண்வெட்டியைத் தோளில் சாய்த்து, வண்டிக்கு நேர் எதிரே கால் அகட்டி நின்றாள். ஓட்டுநர் அவளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, சட்டைப்பையில் சிகரெட்டைத் துழாவினார்.

திடீரென்று கடற்கரை அமைதியானது. எனிட்டின் காதில், இரண்டு ஆணிகளின் உறுமலுக்கு நடுவே, ஒன்று மெலிதாகக் கூவியது. அவள் மண்டியிட்டாள். ஜோடியும் ஓடிவந்து பக்கத்தில் மண்டியிட்டாள். தோண்டத் தோண்டக் குழியில் கடல்நீர் ஊறியது. நான்கு கைகள் அந்தக் கலங்கல் நீருக்குள் முழங்கைவரை இறங்கித் துழாவிக்கொண்டிருந்தன.