இடமிருந்து வலமாக ஒரு இதயம்

நர்ஸிங் பள்ளியில் சேர உயிரியலில் அறுபது மதிப்பெண் வேண்டும். சின்னவளிடம் ஐம்பத்திரண்டு இருந்தது. மற்ற பாடங்களில் எண்பதும் தொண்ணூறுமாக வாரிக் குவித்தவள், எதற்காகப் படித்தாளோ அந்த ஒன்றில் மட்டும் குப்புற விழுந்திருந்தாள். விடைத்தாளின் நகலை வரவழைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்ன பத்து மதிப்பெண் கேள்விக்கு முழுசாக ஒரு முட்டை. திருத்தியவர் அந்த முட்டையை இரண்டு தடவை சுழித்திருந்தார். ஒரு தடவையில் ஆத்திரம் தீரவில்லை போலிருக்கிறது.

இத்தனைக்கும் படம் அச்சடித்த மாதிரி இருந்தது. தவறு ஒன்றே ஒன்றுதான்: இடது என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் வலது, வலது என்று எழுத வேண்டிய இடத்திலெல்லாம் இடது. அதனால் நல்ல ரத்தம் கெட்ட வழியிலும் கெட்ட ரத்தம் நல்ல வழியிலும் ஓடியது. அப்படி ஓர் இதயம் வைத்திருந்தவர் யாராக இருந்தாலும் தேர்வு முடிவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்.

இந்தத் தவறை வேறு யாரும் செய்திருக்க முடியாது. சின்னவளின் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாண குரூப், பணி ஓய்வு குரூப், கால்பந்துக் குழு, வழக்கறிஞர் சங்கம் என்று எந்தப் படம் வந்தாலும் அதன் அடியில் பெயர் எழுதுவது எழுத்து கூட்டக் கற்ற நாளிலிருந்து அவள் வேலை. ‘இடமிருந்து வலமாக, நிற்பவர்கள்’ என்று ஆரம்பித்து வரிசையாக எழுதுவாள். படத்தைப் பார்க்கிறவனுக்கு எது இடதோ அதுதான் அந்த வீட்டில் இடது. படத்துக்குள் நிற்கிற மனிதருக்கும் சொந்தமாக ஓர் இடது கை இருக்கும் என்பதைப் பற்றி அங்கே யாரும் கவலைப்பட்டதில்லை.

பாடப்புத்தகத்தில் இதயத்தின் இடது கீழறை வலது பக்கம் இருப்பதைச் சின்னவள் பார்க்காமலில்லை. நன்றாகப் பார்த்தாள். அப்பா அவசரத்தில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்து, மாப்பிள்ளையின் சட்டைப் பை இடம் மாறிப்போன கதையெல்லாம் அவளுக்குத் தெரியும். பாவம், புத்தகம் போட்டவர்களும் அதே மாதிரி திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தாள். யாரிடமும் புகார் சொல்லி அவர்கள் மானத்தை வாங்க வேண்டாம் என்று நினைத்து, தேர்வில் பெருந்தன்மையோடு தானே திருத்தி வரைந்தாள்.

அந்தப் பெருந்தன்மைக்குத்தான் முட்டை.

நர்ஸிங் பள்ளி ஒரு சந்து மட்டும் விட்டுவைத்திருந்தது. பத்து மதிப்பெண் வரை குறைந்தவர்கள் அதற்கான காரணத்தை எழுதி அனுப்பலாம். காரணம் பிடித்திருந்தால் நேரில் கூப்பிடுவார்கள். இது தவறினால் சின்னவளுக்கு ஸ்டுடியோவின் முன்மேஜைதான். அப்பா ஏற்கெனவே அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். அவள் அதில் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை.

நர்ஸாக வேண்டும் என்ற ஆசை வந்ததற்கும் அப்பாதான் காரணம். போன வருஷம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது ஆறு நாள் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தாள். வாழ்நாளெல்லாம் ஊரைப் பார்த்து ‘தாடையைத் தூக்குங்க, மூச்சு விடாதீங்க, ஆடாதீங்க’ என்று உத்தரவு போட்ட மனிதரை, ஒடிசலான ஒரு நர்ஸ் அதே மூன்று உத்தரவுகளைப் போட்டுப் பூனைக்குட்டியாக்கினாள். ஊசி குத்தும்போதே அவரிடம் வீட்டு வாடகையைப் பற்றிப் புலம்பவும் செய்தாள். அவர் ஆறுதல் சொல்லி முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்துவிட்டது. இந்த வித்தையைக் கற்காமல் செத்தால் கட்டை வேகாது என்று சின்னவளுக்குத் தோன்றிவிட்டது.

காரணக் கடிதம் எழுதக் குடும்பமே கூடியது. உண்மையை எழுதினால் சிரிப்பார்கள் என்பதில் அம்மா, அப்பா, பெரியவள் மூவரும் ஒரே கட்சி. தேர்வு சமயத்தில் வீட்டில் ஒரு சாவு விழுந்ததாக எழுதலாம் என்றாள் அம்மா. யாரைச் சாகடிப்பது என்று அப்பா கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை.

“உங்க அக்காவைத்தான். வேற யாரு இருக்கா?”

தன் அக்கா தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறவர் என்றும், வேண்டுமானால் அம்மாவின் தம்பியைச் சாகடிக்கலாம், அவனால் யாருக்கும் உபயோகமில்லை என்றும் அப்பா சொன்னார். அரை மணி நேரம் இரண்டு பக்கத்து உறவினர்களும் மாறி மாறிச் செத்தார்கள். கடைசியில் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருக்கும் பெரியவள் தீர்ப்புச் சொன்னாள்: செத்தது அத்தைதான். உடனே டைப்பும் அடித்துவிட்டாள். ‘மேற்படி விண்ணப்பதாரர், மேற்படி அத்தையின் அகால மறைவினால் மேற்படி தேர்வில்’ என்று போனது கடிதம்.

“எழுபத்தாறு வயசுல என்னடி அகாலம்?” என்றாள் அம்மா.

“நீ சும்மா இரும்மா. எங்க ஆபீஸ்ல எல்லாச் சாவும் அகாலம்தான்.”

சின்னவள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். நேரில் கூப்பிட்டு, அத்தைக்கு என்ன நோய் என்று கேட்டால் என்ன சொல்வது? நோயைச் சொன்னால் அறிகுறியைக் கேட்பார்கள். அறிகுறியைச் சொன்னால் எந்த உறுப்பு என்பார்கள். மறுபடியும் உயிரியலில்தான் போய் மாட்ட வேண்டும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நாலே வரியில் தானே எழுதி, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் தபாலில் போட்டாள்.

ஒன்பதாம் நாள் நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. அத்தையின் ஆத்மா வழிகாட்டியது என்றாள் பெரியவள்.

பள்ளியின் வராந்தாவில் பினாயில் வாசனை அடித்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, துக்க வீட்டுக்குப் போகும்போது வைத்துக்கொள்கிற முகத்தை வைத்துக்கொண்டாள். சின்னவளுக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் முதல்வர் அம்மாள். இருபத்தைந்து வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்று பழகியவர், நாற்காலியில் உட்காருவதே யாருக்கோ சலுகை காட்டுவது போலிருந்தது. பக்கத்தில் உயிரியல் ஆசிரியர். அவர் சின்னவளின் விடைத்தாள் நகலை நுனி விரலால் பிடித்திருந்தார், ஈரத் துணியைப் பிடிப்பது போல.

“அப்ப பாடப்புத்தகம் தப்பு. நீ சரி. அப்படித்தானே?” என்றார் ஆசிரியர்.

“அப்படித்தான் நினைச்சேன் சார்.”

ஆசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல்வர் சிரிக்கவில்லை. அவர் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

“காலையில இருந்து ஏழு பேர் வந்தாங்க. நாலு சாவு, மூணு விஷக்காய்ச்சல். நீயும் அப்படி ஏதாவது எழுதியிருந்தா நான் கண்டுக்காம விட்டிருப்பேன். காய்ச்சல் வந்த பொண்ணு நாளைக்கு நல்லாயிடுவா. இடது வலது தெரியாத பொண்ணை எந்த வார்டுல விடறது? நீயே சொல்லு.”

சின்னவள் இதை எதிர்பார்க்கவில்லை. சிரிப்பார்கள் என்று பயந்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தாள். உண்மை சொன்னதே குற்றப்பத்திரிகையாகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முதல்வர் விடாமல் சொல்லிக்கொண்டு போனார். இடது முழங்காலைக் காட்ட வந்தவருக்கு வலது முழங்காலைத் திறந்து பார்த்தால் என்ன ஆகும், நல்ல கண்ணில் மருந்து விட்டால் என்ன ஆகும், ஒரு நர்ஸ் செய்யக்கூடாத தவறுகளின் பட்டியலில் இதற்கு எத்தனையாவது இடம் என்றெல்லாம். சுழல் நாற்காலி தன் பாட்டுக்குச் சுழல்வது சின்னவளுக்குக் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். பிறகு, போவதற்கு முன் ஒன்றையாவது சரியாகச் சொல்லிவிட்டுப் போவோம் என்று நினைத்தாள்.

“எனக்கு இடது வலது தெரியும் மேடம். யாரோட இடதுன்னு கேக்கணுங்கிறதுதான் தெரியல.”

முதல்வர் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். ஸ்டுடியோவில் ஆட்களைப் பார்த்து இடது பக்கம் சாயுங்கள் என்று சொன்னால் பாதிப் பேர் அந்தப் பக்கமும் பாதிப் பேர் இந்தப் பக்கமும் சாய்வார்கள், குடும்பமே பிளந்துகொள்ளும். அதனால் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார்; எழுந்து போய்த் தோளைத் தொட்டு, ‘இந்தப் பக்கம்’ என்பார். இனிமேல் தானும் அப்படித்தான், தொட்டுக் கேட்காமல் ஒருவர் மேலும் கை வைக்க மாட்டேன் என்றாள். ஒரு தடவை தப்புச் செய்து நர்ஸிங்கே கைவிட்டுப் போகப் பார்க்கிறவளுக்கு அது எப்படி மறக்கும் என்றும் கேட்டாள். கேட்ட பிறகுதான் முதல்வரிடம் கேள்வி கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதல்வர் ஆசிரியர் பக்கம் திரும்பினார். தியேட்டரில் ஒரு தடவை மூன்று டாக்டரும் இரண்டு நர்ஸும் ஒரே காலைப் பற்றிப் பேசி ஆளுக்கு ஒரு காலைக் காட்டியதை, ஊர் வம்பு சொல்வது போலச் சொன்னார்.

“எல்லாரும் நூத்துக்குத் தொண்ணூறு வாங்கினவங்க. ஒருத்தருக்கும் சந்தேகமே வரல. படுத்திருந்த ஆளுதான் எழுந்து, ‘இந்தக் கால் சார்’னாரு.”

ஆசிரியர் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கதை நன்றாகத்தான் இருக்கிறது, இதயத்தை இப்போது வரையட்டும் என்று கரும்பலகையைக் காட்டினார்.

சின்னவள் சாக்பீஸை எடுத்தாள். படம் அரை நிமிஷத்தில் வந்துவிட்டது. பாகம் குறிக்கும் இடம் வந்ததும் கை நின்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கம் இடமிருந்து வலமாகவே இழுத்தது. ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் திரும்பி, கரும்பலகையில் முதுகைச் சாய்த்து, படத்தின் மேலேயே நின்றுகொண்டாள். இப்போது இதயம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம்தான் அவளும் பார்த்தாள். இடது கையைப் பின்னால் வளைத்து ஓர் ‘இ’ போட்டாள். சாக்பீஸை மாற்றி, வலது கையை வளைத்து ஒரு ‘வ’ போட்டாள். பிறகு நகர்ந்து நின்றாள். ‘இ’ காலொடிந்த நண்டு மாதிரி இருந்தது. பாதி இதயம் அவள் முதுகோடு வந்துவிட்டிருந்தது. ஆனால் இரண்டு எழுத்துகளும் இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்தன.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். “சரிதான்” என்றார், சொத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பவரைப் போல.

“சார் மாசத்துக்கு ஒரு பரீட்சை வைப்பாரு” என்றார் முதல்வர். “ஆறு மாசம். ஒண்ணுல அறுபதுக்குக் கீழ போனாலும் வீட்டுக்கு அனுப்பிடுவேன். திங்கட்கிழமை காலையில ஆறரைக்கு வந்துடு. நகத்தை வெட்டிட்டு வா.”

வெளியே வந்ததும் அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். முடிவைக் கேட்காமல் முதுகைத்தான் முதலில் பார்த்தாள். நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கேடி போய் உரசினாய் என்று பட்பட்டென்று தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் வெள்ளைத் தூள் பறந்தது.

“திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிட்டாங்கம்மா.”

தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே முதுகில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.